ஊரைக் கொலு பார்க்காகக் காட்ட எந்த வழி சிக்கனம்?

நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டில் கொலுப்படிக்குக் கீழே தரையில் பார்க் கட்டுவோம். மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டால் புல்வெளி. பழைய முகம்பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். ஓரமாக ஒரு பொம்மை பஸ், நாலு மாடு, ஒரு கிணறு. கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோய் அந்த பஸ்ஸை வீடியோ எடுத்தால் பஸ் மட்டும் துல்லியமாக இருக்கும். முன்னால் இருக்கும் புல்லும் பின்னால் இருக்கும் கிணறும் கரைந்துபோயிருக்கும்.

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று தெப்பக்குளத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த பார்க்தான் ஞாபகம் வந்தது. சதுரக் குளம், நடுவில் மண்டபம், சுற்றிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் ஆட்டோக்கள். நிஜ ஊரை வீடியோவில் பொம்மை ஊராகக் காட்டும் இந்த வித்தையை டில்ட்-ஷிஃப்ட் எஃபெக்ட் அல்லது மினியேச்சர் எஃபெக்ட் என்பார்கள். 2008 வாக்கில் சிட்னியைச் சேர்ந்த கீத் லூட்டிட் தன் ஊரின் கடற்கரையையும் துறைமுகத்தையும் இப்படி எடுத்து உலகம் முழுக்கப் பேசவைத்தார். கேமராவில் மாட்டியபடியே சாய்க்கக்கூடிய கேனன் டிஎஸ்-இ மாதிரி லென்ஸ்களின் விலை லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணம் இல்லாமல் என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எந்த வேலைக்கு எது சரி என்று அதிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சம், ட்ரைபாடில் அசையாத கேமரா, உயரமான இடம் ஆகிய மூன்றும் இருந்தால் லென்ஸுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். எடிட்டிங்கிலேயே மங்கலைப் போடுங்கள். இரவு விளக்குகள், கையில் நகரும் கேமரா, கல்யாண வீட்டு முகங்கள் என்றால் டில்ட் அடாப்டருக்கோ (லென்ஸைச் சாய்த்து மாட்ட உதவும் வளையம்) மலிவான டில்ட் லென்ஸுக்கோ செலவழிக்கலாம்.

கண் ஏன் ஏமாறுகிறது

ஒரு பொருளைக் கிட்டத்தில் பார்க்கும்போது அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை சட்டென்று மங்கிவிடும். தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் எல்லாமே தெளிவாக இருக்கும். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் மூளை தூரத்தையும் அளவையும் எடைபோடுகிறது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் மங்கலுக்கும் கண் உணரும் அளவுக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பற்றி விரிவாகவே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

கணக்காகவும் சொல்லலாம். கையடக்கப் பொம்மைக் கார்கள் பெரும்பாலும் 1:64 அளவில் வருகின்றன. அப்படிப்பட்ட காரை ஒரு செ.மீ. துளையுள்ள லென்ஸில் எடுத்தால் என்ன மங்கல் கிடைக்குமோ, அதே மங்கல் நிஜக் காருக்குக் கிடைக்க 64 செ.மீ. அகலத் துளை வேண்டும். அண்டா அளவுக்கு ஒரு லென்ஸ். அது நடக்காது என்பதால்தான் லென்ஸைச் சாய்க்கிறோம், இல்லையென்றால் எடிட்டிங்கில் பொய்யாகப் போடுகிறோம்.

மங்கலை விட்டுவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். வேகம். 20 மீட்டர் தென்னையிலிருந்து தேங்காய் விழ இரண்டு நொடி ஆகும். அதே மரத்தை 64-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 31 செ.மீ. அங்கிருந்து ஒரு பாசிமணி விழ கால் நொடிதான். எட்டு மடங்கு வேகம். 64-இன் வர்க்கமூலம் 8. அதனால் பொம்மை கார் அளவுக்குக் காட்ட நினைத்தால் வீடியோவை எட்டு மடங்கு வேகப்படுத்துங்கள். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்திருந்தால் எட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதாக ஆகும். பத்து நொடிக் காட்சிக்கு 80 நொடி எடுத்தால் போதும். ஷட்டரையும் 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷன் படங்களில் அசைவின் இழுவை இருக்காது. ஆட்டோக்கள் தத்தித் தத்திப் போனால்தான் பொம்மை மாதிரி இருக்கும். மங்கல் சுமாராக இருந்தாலும் வேகம் சரியாக இருந்தால் எஃபெக்ட் பாதி வந்துவிடும். வேகம் தப்பினால் லட்ச ரூபாய் லென்ஸும் காப்பாற்றாது.

எடிட்டிங்கில் போடுவது

செலவு பூஜ்யம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே கலர் பக்கத்தில் பவர் விண்டோவும் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்க வரையும் வடிவம்) பிளரும் இருக்கின்றன. தெளிவாக இருக்க வேண்டிய பகுதியைக் கிடைமட்டப் பட்டையாக வரைந்து, பட்டைக்கு வெளியே இருப்பது தேர்வாகும்படி மாற்றி, அங்கே பிளர் போடுவது அடிப்படை. முதலில் வேகத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் பிளர் போடுங்கள், கம்ப்யூட்டருக்கு வேலை குறையும். வேகம் கூட்டும்போது ஃப்ரேம்களைக் கலக்கிக் குழைக்கும் வசதியை அணைத்து, ரீடைம் பிராசஸில் நியரஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டையின் விளிம்பை மென்மையாக்கினால் மங்கல் படிப்படியாகக் கூடும் என்று நினைப்போம். ஆனால் அந்த இடத்தில் நடப்பது தெளிவான படமும் மங்கிய படமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பதுதான். கடைப் பலகையின் எழுத்து கூர்மையாகவும் தெரியும், அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வளையமும் தெரியும். என் முதல் வீடியோவில் குளத்தங்கரைப் படிகள் அத்தனையிலும் இந்தப் புகை இருந்தது. மூன்று அல்லது நான்கு நோடுகளாக (அடுத்தடுத்துப் போடும் திருத்தப் படிகள்) பிரித்தால் இது சரியாகிறது. முதல் நோடில் பட்டையை ஒட்டி லேசான பிளர், அடுத்ததில் சற்று தள்ளி இன்னும் கொஞ்சம், கடைசியில் மேலும் கீழும் ஓரங்களில் பலமான பிளர். பொறுமை உள்ளவர்கள் பிளெண்டர் என்ற மென்பொருளின் டிஃபோகஸ் நோடுக்கு, கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் ஒரு படத்தைக் கொடுத்து, இடத்துக்கு இடம் மாறும் மங்கலை நேரடியாகவே வாங்கலாம். அதுவும் இலவசம்தான். ரெண்டர் ஆக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எடிட்டிங்கை நான் முன்னால் நிறுத்துவதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. மலைக்கோட்டையிலிருந்து எடுத்தால் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் லூர்து மாதா கோவிலின் கூரிய கோபுரம் சட்டகத்தில் நிமிர்ந்து நிற்கும். அது நிஜமாகவே கொலுப் பொம்மையாக இருந்தால், அடி ஃபோகஸில் இருக்கும்போது நுனியும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் இருக்கும், ஆகவே முழுக் கோபுரமும் தெளிவாக இருக்க வேண்டும். டில்ட் லென்ஸ் இதைச் செய்யாது. அது காட்சியைக் கத்தியால் சாய்வாக வெட்டினது போல ஒரு பட்டையை மட்டும் தெளிவாக வைத்து, கோபுர நுனியை மங்கடித்துவிடும். எடிட்டிங்கில் கோபுரத்தைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து அதை முழுசாகத் தெளிவாக வைக்கலாம். கேமரா அசையாததால் ஒருமுறை வரைந்தால் காட்சி முழுக்க நிற்கும். அந்தக் கோபுரம் மட்டும் மங்கலிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த வழி பிடித்துப்போனது. இந்த ஒரு விஷயத்தில் காசில்லாத வழி லட்ச ரூபாய் லென்ஸை மிஞ்சுகிறது.

இன்னொரு வசதி, மொபைலே போதும். மொபைலின் சிறிய சென்சாரில் எல்லாமே தெளிவாகப் பதியும், நமக்கு வேண்டியதும் அதுதான். 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிட்டால் தெளிவான பட்டை இன்னும் கூர்மையாகத் தெரியும். மொபைல்களில் வரும் சினிமேட்டிக் மோடை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். அது பக்கத்தில் இருக்கும் ஆளையும் பின்னணியையும் பிரிக்கத் தெரிந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தெருவும் அதற்கு அடுத்த தெருவும் அதற்கு ஒரே தூரம்தான்.

எடிட்டிங் தோற்பது இரவில். வீடியோவில் தெருவிளக்கு ஏற்கெனவே வெள்ளையின் உச்சத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதைப் பிளர் செய்தால் அந்த வெளிச்சம் பரவி நீர்த்துச் சாம்பல் திட்டாகிவிடும். லென்ஸுக்குள் மங்கும்போது விளக்கின் முழு வெளிச்சமும் பரவுவதால் பளிச்சென்ற வட்டமாக விழும். அந்த வட்டங்கள்தான் இரவுக் காட்சிக்கு உயிர்.

கேமராவிலேயே இருக்கும் மினியேச்சர் மோடு

வீட்டில் பழைய கேமரா கிடந்தால் மெனுவைத் தேடிப் பாருங்கள். கேனன் பவர்ஷாட் வரிசையில் பல மாடல்களில் வீடியோவுக்கே மினியேச்சர் எஃபெக்ட் உண்டு; 5, 10, 20 மடங்கு வேகம் தேர்ந்தெடுக்கலாம். 2011-இல் வந்த நிக்கான் டி5100-இலும் உண்டு, அது ஏறக்குறைய 45 நிமிடக் காட்சியை மூன்று நிமிடமாக்கிவிடும். ஒலிம்பஸில் டயோராமா என்ற பெயரில் இருக்கும். குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. ஆனால் மங்கல் வீடியோவிலேயே பதிந்துவிடும், பின்னால் மாற்ற முடியாது. இதற்காகவே ஒரு கேமரா வாங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

வாஸ்லின் தடவிய ஃபில்டர்

யுவி ஃபில்டரின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வாஸ்லின் தடவுவது பழைய சினிமா வித்தை. பாட்டுக் காட்சிக்கும் கனவுக் காட்சிக்கும் நன்றாக இருக்கும். பொம்மை ஊருக்குச் சரிவராது, ஏனென்றால் வாஸ்லின் படத்தை மங்க வைப்பதில்லை, இழுத்துத் தேய்க்கிறது. தடவின விரல் போன திசைக்குக் குறுக்காக விளக்குகளில் கோடு விழும். செய்து பார்க்க விரும்பினால் ஃபில்டரில் மட்டும் தடவுங்கள், லென்ஸ் கண்ணாடியில் வேண்டவே வேண்டாம்.

லென்ஸைக் கழற்றிச் சாய்ப்பது

லென்ஸை மவுண்டிலிருந்து (கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையம்) கழற்றி, கையில் பிடித்து லேசாகச் சாய்ப்பதை ஃப்ரீலென்ஸிங் என்பார்கள். லென்ஸைச் சாய்த்தால் தெளிவாக விழும் தளமும் சாயும். சென்சார் தளம், லென்ஸ் தளம், தெளிவாக விழும் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து அவர் பெயரே இந்த விதிக்கு நிலைத்துவிட்டது. பலூனிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்தி வரைபடம் தயாரிப்பது அவர் நோக்கம். கோணலைத் திருத்த வந்த விதியை நாம் மங்கலுக்குப் பயன்படுத்துகிறோம்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய முட்டுக்கட்டை உண்டு. 50 மி.மீ. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 4 மி.மீ. முன்னால் நகர்ந்தாலே, முக்கால் மீட்டருக்கு அப்பால் இருப்பது எதுவும் ஃபோகஸுக்கு வராது. ஊரை எடுக்க முடியாது, பூவை எடுக்கலாம். மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே ஆடி இல்லாததால் மவுண்ட் சென்சாருக்குக் கிட்டத்தில் இருக்கும்) பழைய எஸ்எல்ஆர் லென்ஸ் என்றால் கதை வேறு. நிக்கான் எஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டியது. சோனி இ மவுண்ட் இருப்பது 18 மி.மீ. தூரத்தில். நடுவில் இருக்கும் 28.5 மி.மீ. இடைவெளி நாம் சாய்ப்பதற்குத் தாராளம்.

இந்த இடைவெளியை மூட நான் பயன்படுத்தினது சைக்கிள் ட்யூப். லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை மூடும் பாடி மூடியின் நடுவை வட்டமாக வெட்டி, ட்யூப் துண்டை அதில் ஒட்டி, மறுமுனையை லென்ஸில் மாட்டினேன். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். படம் வந்தது, அழகாகவே வந்தது. ஆனால் ட்யூபின் உள்பக்கம் ஒட்டாமல் இருக்கப் போட்டிருக்கும் வெள்ளைப் பவுடரை நான் கழுவவில்லை. மலை உச்சிக் காற்றில் ட்யூபை ஆட்ட ஆட்ட, பவுடர் முழுக்க சென்சாரில் போய் உட்கார்ந்தது. வானம் முழுக்கப் புள்ளி. சுத்தம் செய்யக் கொடுத்த காசு ட்யூப் செலவைப்போலப் பல மடங்கு. சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் காயவைத்து, ஈரத்துணியால் உள்ளே துடைத்துவிட்டு மாட்டினால் இந்தக் கஷ்டம் இல்லை. சாய்வு எப்படி வேலை செய்கிறது என்று கையால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. 80 நொடி அசையாமல் நிற்க வேண்டிய காட்சிக்கு மட்டும் இது உதவாது, ரப்பர் மெல்லத் தொய்ந்துகொண்டே இருக்கும்.

டில்ட் அடாப்டரும் மலிவு டில்ட் லென்ஸும்

காசு செலவழிப்பது என்று முடிவெடுத்தால் எனக்கு முதலில் தோன்றுவது டில்ட் அடாப்டர். பழைய ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் மாட்டும் உலோக வளையம், நடுவில் எட்டு டிகிரி அளவுக்குச் சாயும் மூட்டு, இறுக்க ஒரு திருகு. சின்ன சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமராவுக்கு இது மிகவும் பொருந்தும். ஃபுல் ஃபிரேம் லென்ஸ் 43 மி.மீ. மூலைவிட்டத்துக்குப் படம் விழவைக்கும். அந்த சென்சாரின் மூலைவிட்டம் 21.6 மி.மீ. மட்டுமே. சாய்த்தாலும் மூலை இருட்டாகாது. 50 மி.மீ. லென்ஸ் அதில் 100 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும் என்பது மற்ற இடங்களில் குறையாக இருக்கலாம், உயரத்திலிருந்து தெருவைப் பிடிக்க அதுவே தோது. நான் பழைய 50 மி.மீ. லென்ஸையும் அடாப்டரையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடித்தேன். சோனி இ மவுண்டில் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவுக்கும் இதே வழி சரிவரும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் பலமாகச் சாய்த்தால் ஓரம் இருட்டும்.

ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த டிடிஆர்டிசன் 50 மி.மீ. எஃப் 1.4 டில்ட் லென்ஸ் இருக்கிறது. எட்டு டிகிரி சாயும், ஷிஃப்ட் (லென்ஸைச் சாய்க்காமல் தள்ளி நகர்த்துவது) கிடையாது, ஃபோகஸ் கையால்தான். டாலரில் 200-ஐச் சற்றே தாண்டிய விலையில் வந்தது. மினியேச்சருக்கு ஷிஃப்ட் தேவையே இல்லை, அது கட்டடங்களை நேராக நிறுத்த. ஆகவே நமக்கு வேண்டிய பாதியை மட்டும் வாங்குவதில் நஷ்டம் இல்லை. லென்ஸ்பேபி என்ற சாயும் லென்ஸைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் சாதாரண மாடல்களில் தெளிவு வட்டமாக விழும், பட்டையாக விழாது. எட்ஜ் என்று வரும் ஆப்டிக்தான் பட்டை கொடுக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

டில்ட் எதுவானாலும் பயன்படுத்தும்போது இரண்டு விஷயம். மேலிருந்து கீழே பார்க்கும்போது லென்ஸை வானம் பக்கமாகச் சாய்க்க வேண்டும். தரை பக்கமாகச் சாய்த்தால் ஃபோகஸ் தளம் தரையோடு படுத்துக்கொண்டு எல்லாம் தெளிவாகிவிடும், அதைத்தான் இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் செய்கிறார்கள். அடுத்தது, வெளிச்ச அளவைச் சாய்ப்பதற்கு முன்பே மேனுவலில் பூட்டிவிடுங்கள். சாய்த்த பிறகு, குறிப்பாக டிஎஸ்எல்ஆரில், மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும்.

கல்யாணம், ரிசப்ஷன் எடுப்பவர்களுக்கு அடாப்டர்தான் என் சிபாரிசு. மேடை விளக்குகளுக்கு நடுவில் மணப்பெண்ணின் கண் மட்டும் தெளிவாக, நகையும் மாலையும் கரைந்து போகும் காட்சியை, கேமரா நகர நகர மாஸ்க் வரைந்து எடிட்டிங்கில் கொண்டுவர முயன்றால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். ஒரே ஒரு நாள் வேலைக்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள், முந்தின நாளே எடுத்து வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த வழியானாலும் உயரம் வேண்டும், கோணம் நன்றாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அடிவானம் சட்டகத்துக்குள் வரக்கூடாது. வானம் தெரிந்தால் பொம்மை உணர்வு கலைந்துவிடும். மலைக்கோட்டை மாதிரி இடங்களில் கேமராவுக்கும் ட்ரைபாடுக்கும் அனுமதி உண்டா என்று படி ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். 400-க்கு மேற்பட்ட படிகள். அனுமதி இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி ஒரு நாலு மாடி மொட்டைமாடி போதும். வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில் நிழல்கள் கூர்மையாக விழுவதால், பொம்மைமேல் ஒற்றை விளக்குப் போட்டது போல இருக்கும். கடைசியில் நிறத்தைக் கொஞ்சம் தூக்கினால் ஆட்டோ மஞ்சள் பெயின்ட் மஞ்சளாகிவிடும்.

அடாப்டருக்காகப் பழைய லென்ஸ் தேடுகிறவர்கள், துளையைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிக்கானில் ஜி என்று முடியும் லென்ஸ்களில் வளையம் இருக்காது, சாதா அடாப்டரில் துளையைக் கட்டுப்படுத்த முடியாது. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். நாலைந்து தூசுப் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை சுற்றிப் பாருங்கள், நடுவில் எங்கேயும் பிடிக்கக்கூடாது. அப்புறம் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டில் கேமராவில் எண்ணெய் பட்ட இதழ் மெதுவாக மூடிப் படத்தைக் கெடுக்கும். நாம் துளையை ஒரே அளவில் நிறுத்தி வீடியோ எடுப்பதால் நமக்கு அது தொந்தரவே இல்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.